கேட்காத விசில்

அத்தியாயம் 9

அந்தத் தாளை ஞானம்மாள் தன் பள்ளிக்கூடக் கைப்பையின் உள்ஜிப்பில் வைத்து ஐந்து நாளாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை துணி ஊறவைக்கும்போது சதாசிவத்தின் சட்டைப் பையிலிருந்து எடுத்தது. செங்கல்பட்டில் ஒரு காது மருத்துவர் கொடுத்த பரிசோதனைத் தாள். இரண்டு காதுக்கும் இரண்டு கோடு. பாதி தூரம் வரை சமமாகப் போன கோடுகள் அதற்குப் பிறகு கிணற்றுப் படி மாதிரி கீழே இறங்கியிருந்தன. இருபத்தாறு வருஷமாகப் பத்தாம் வகுப்புக்கு வரைபடம் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு அதைப் படித்துக்காட்ட டாக்டர் வேண்டியதில்லை. கனத்த சத்தங்கள் அவருக்குக் கேட்கின்றன. கீச்சுச் சத்தங்கள் கேட்பதில்லை.

தாளில் இருந்த தேதி 2002 அக்டோபர். இப்போது 2003 ஜூன்.

எட்டு மாதமாக அவர் சொல்லவில்லை. ஐந்து நாளாக அவள் கேட்கவில்லை. தாள் காணாமல் போனதை அவர் கவனித்திருக்கவேண்டும். ஆனால் எங்கே என்று கேட்க அவருக்கும் வழியில்லை.

இப்போது அவளுக்குப் பல விஷயங்கள் புரிந்தன. சட்டை எங்கே என்று கேட்டால் ஏன் தட்டு எடுத்துவந்து நீட்டினார் என்பது புரிந்தது. மகன் வாங்கிக்கொடுத்த கைக்கடிகாரம் மணிக்கொருமுறை பீப் அடிப்பதை நிறுத்த அவருக்கு ஏன் தோன்றவே இல்லை என்பதும் புரிந்தது.

வேறு யாருக்காவது என்றால் அறுபது வயதில் இது சாதாரணம். சதாசிவம் மெல்லிசைக் குழுவில் இருபது வருஷம் கிடார் வாசித்தவர். கல்பாக்கத்தில் எலெக்ட்ரானிக்ஸ் பிரிவில் வேலை. அந்த வேலை போக மிச்ச நேரமெல்லாம், கண்ணாடி பல்பு மாதிரி வால்வுகள் எரிகிற பழைய ஆம்ப்ளிஃபயர்கள். கிடாரைச் செருகி வாசிக்கிற அந்தப் பெட்டிகள் ஏழு அவரிடம் இருந்தன. அணுபுரம் குவார்ட்டர்ஸ் கூடத்தில் சோபா இருக்கவேண்டிய இடத்தில் அவைதான் இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு நம்பர் ஒட்டியிருந்தார். ஒரு பெட்டியில் எந்த வால்வு சோர்ந்துபோனது என்று காதால் கேட்டே சொல்லுவார் என்று சென்னை வரைக்கும் பெயர்.

ஆகஸ்ட் முப்பத்தொன்று அவர் ஓய்வு பெறும் நாள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு செங்கல்பட்டில் ஞானம்மாளுடைய அப்பா வீட்டில் இரண்டு அறைக்குப் போகவேண்டும். அந்த இரண்டு அறைக்குள் ஏழு பெட்டி நுழையாது. இந்த நேரத்தில்தான் மகன் நிதின் ஒரு ஆளைக் கண்டுபிடித்தான். நெம்மேலியில் ரெகார்டிங் ஸ்டூடியோ கட்டிக்கொண்டிருக்கிற கிரிதர். பழைய வால்வு பெட்டிகள் வேண்டும், அவற்றைப் பார்த்துக்கொள்ள சதாசிவமும் வேண்டும் என்று அவன் சொல்லியிருந்தான். இரண்டு பெட்டியைக் கொண்டுவந்து வாசித்துக்காட்டச் சொல்லியிருந்தான்.

அதற்குக் குறித்த ஞாயிற்றுக்கிழமைதான் இது.

*

சின்னராசுவின் வேன் எட்டரை மணிக்கே வந்துவிட்டது. புதுப்பட்டினத்துக்காரன். குழு இருந்த காலத்திலிருந்து இவர்கள் சாமானை ஏற்றி இறக்குகிறவன்.

"அண்ணாத்த, இன்னா இது, பொட்டிக்குள்ள கருங்கல்லு வச்சிக்கீறியா?" என்றான், மூன்றாம் நம்பர் பெட்டியைத் தூக்கிக்கொண்டே. இருபது வருஷமாக ஒவ்வொரு தடவையும் இதைக் கேட்கிறான்.

"டிரான்ஸ்ஃபார்மர்டா. சாச்சுப் பிடிக்காத, நேரா பிடி."

மூன்றாம் நம்பர் இங்கிலாந்தில் செய்தது. ஊட்டியில் ஒரு கிளப் மூடியபோது சதாசிவம் லாரியில் கூடவே உட்கார்ந்து கொண்டுவந்தது. அடுத்து ஏறியது ஐந்தாம் நம்பர். அது மெட்ராஸில் ஒரு ரேடியோ மெக்கானிக் தன் கையாலேயே கம்பி சுற்றிச் செய்தது. மரப்பெட்டியில் இன்னும் பழைய வார்னிஷ் வாசனை இருந்தது.

சதாசிவம் பெட்டிகளுக்கு நடுவில் போர்வையை விரித்துப் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டார். ஞானம்மாள் முன்னால் ஏறினாள். அவளையும் கிரிதர் சாப்பிட அழைத்திருந்தான்.

புதுப்பட்டினம் மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் கூட்டம். வேகத்தடை ஒன்றைக் கடைசி நிமிஷத்தில்தான் சின்னராசு பார்த்தான். வேன் துள்ளி விழுந்தது. பின்னாலிருந்து சதாசிவம் போட்ட கத்தலில் மீன்காரம்மா ஒருத்தி திரும்பிப் பார்த்தாள்.

வேன் ஈ.சி.ஆரில் ஏறி, மாமல்லபுரம் பக்கம் திரும்பியது. சின்னராசு வேகத்தைக் குறைத்தான்.

"அண்ணி, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டியே?"

"கேளு."

"போன மாசம் எங்க கோயில் திருவிழாவுல அண்ணாத்த வாசிச்சாரே, அப்ப மைக் கீச்சு கீச்சுன்னு கத்திகினு கீது. ஜனமெல்லாம் காதைப் பொத்திகினு கீறாங்கோ. இவரு பாட்டுக்கு சிரிச்சுகினே வாசிக்கிறாரு. நான்தான் ஓடிப் போயி மைக்கத் திருப்பி வச்சேன்."

ஞானம்மாள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாசிக்கும்போது அவருக்கு எதுவும் தெரியாது சின்னராசு. எப்பவும் அப்படித்தான்."

"அதானே பார்த்தேன்" என்றான் சின்னராசு. நம்பின மாதிரி அவன் குரல் இல்லை.

*

ஸ்டூடியோ ஒரு சவுக்குத் தோப்புக்குள் இருந்தது. வெளிச்சுவரில் இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. உள்ளே பெரிய அறை முழுக்க மெத்தை தைத்தது போலச் சுவர். நடந்தால் காலடிச் சத்தமே வரவில்லை.

நிதின் சென்னையிலிருந்து பைக்கில் முன்னாடியே வந்திருந்தான். கிரிதருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சதாசிவத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கை கொடுத்தான்.

"உங்களைப் பத்தி நிதின் சொல்லிட்டே இருப்பான் சார். இவங்க விஷாகா. எங்க சவுண்ட் இன்ஜினியர்."

கழுத்தில் ஹெட்போனை மாலை மாதிரி போட்டிருந்த அந்தப் பெண் வணக்கம் சொன்னாள். அம்மா கணக்கு டீச்சர் என்று நிதின் சொன்னதும், "செங்கல்பட்டுல ஸ்கூல் படிச்சேன். கணக்குன்னா இன்னிக்கும் பயம்தான் டீச்சர்" என்று சிரித்தாள்.

மூன்றாம் நம்பரை முதலில் வைத்தார்கள். சதாசிவம் சுவிட்சைப் போட்டுவிட்டுக் கை கட்டி நின்றார். வால்வு சூடாக ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷத்தில் யாரையும் பேசவிடமாட்டார். அதையும் நிதின் முன்பே சொல்லிவைத்திருந்தான் போலிருக்கிறது. எல்லோரும் பேசாமல் நின்றார்கள்.

பிறகு வாசித்தார்.

அறுபது வயது விரல்கள். வேகமெல்லாம் இல்லை. ஆனால் ஒரு ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு அது அடங்குகிற வரைக்கும் காத்திருக்கத் தெரிந்த விரல்கள். கிரிதர் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டான். நிதின் அம்மாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

மூன்றாவது நிமிஷத்தில் அது ஆரம்பித்தது.

முதலில் கொசு காதருகில் வருகிற மாதிரி. பிறகு தூரத்தில் யாரோ விசில் அடிக்கிற மாதிரி. சதாசிவம் வாசிப்பை நிறுத்தின பிறகும் அது நிற்கவில்லை. அறைக்குள் ஊசி மாதிரி நின்றது.

விஷாகா முகத்தைச் சுளித்தாள். கிரிதர் அவளைப் பார்த்தான். நிதின் அப்பாவைப் பார்த்தான்.

சதாசிவம் சிரித்தார்.

"கவனிச்சீங்களா? கை எடுத்துட்டேன். பின்னாடி ஒரு சத்தம் கிடையாது. நாப்பது வருஷத்துப் பெட்டி. இந்த சுத்தம் இப்ப வர்ற புதுசுல வராது."

விசில் மட்டும் இருந்தது.

நிதினுடைய முகத்தில் முதலில் வந்தது குழப்பம். அதற்குப் பின்னால் ஒரு சந்தேகம் வர ஆரம்பித்ததை ஞானம்மாள் பார்த்தாள். எழுந்தாள்.

கைப்பையிலிருந்து தாள் திருத்துகிற சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் போனாள். அவளுடைய பென்சில்கள் முப்பது வருஷமாக வீட்டில் காணாமல் போய், கெட்டுப்போன வால்வு எது என்று அவர் தட்டிப் பார்த்துத்தான் தேய்ந்திருக்கின்றன. எப்படித் தட்டுவது என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. குனிந்து, பென்சிலின் மரமுனையால் முதல் வால்வை மெதுவாகத் தொட்டாள். ஸ்பீக்கரில் டொக் என்றது. இரண்டாவது, டொக். மூன்றாவதைத் தொட்டதும் விசில் அறையைக் கிழித்தது. நிதின் காதைப் பொத்திக்கொண்டான்.

அவள் நிமிர்ந்தாள்.

"மூணாவது" என்றாள். "நீங்க சொன்ன மாதிரியே ஆயிடுச்சு. புதுப்பட்டினம் வேகத்தடையில தூக்கிப் போட்டதுல கெளம்பியிருக்கு."

சதாசிவம் அவளைப் பார்த்தார்.

கிரிதர் பக்கம் திரும்பி அவளே சொன்னாள்: "வாசிக்கிறவர் காது வாசிப்புல இருக்கும். அதனால எங்க வீட்டுல இவர் வாசிப்பார், நான் கேட்பேன். சும்மா ஒரு பழக்கம்."

"பிரமாதம்!" என்று கிரிதர் கை தட்டினான். அவனுக்கு இது ஏற்கெனவே பேசிவைத்துச் செய்துகாட்டுகிற வித்தை போலத் தோன்றியிருக்கவேண்டும்.

சதாசிவம் பெட்டிக்குப் பின்னால் வந்தார். சுவிட்சை அணைத்தார். கைக்குட்டையை மடித்துச் சூடான வால்வைப் பிடுங்கினார். தன் பையிலிருந்து வேறொரு வால்வை எடுத்துப் பொருத்தினார். வால்வின் கால்கள் சரியாக ஓட்டையில் உட்கார மூன்று முறை முயற்சி செய்ததை ஞானம்மாள் கவனித்தாள். அவருக்கு எப்போதும் ஒரே முறையில் உட்காரும்.

மறுபடி சுவிட்ச். மறுபடி அந்த ஒரு நிமிஷம். விசில் போய்விட்டது. விஷாகா கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள் ஞானம்மாள்.

"எனக்குக் கேக்கலையே டீச்சர்?"

"கடுகு வெடிக்கறதுக்கு முன்னாடி எண்ணெய் பேசுமே, அந்த மாதிரி. ரொம்ப மெல்லிசா."

விஷாகா மைக்கைப் பெட்டியோடு ஒட்டி வைத்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டாள். கால் நிமிஷம் கழித்துக் கண்ணைத் திறந்தவள், பெட்டியைப் பார்க்கவில்லை. ஞானம்மாளைப் பார்த்தாள்.

"இருக்கு" என்றாள்.

*

மாமல்லபுரத்திலிருந்து சாப்பாடு வந்திருந்தது. பக்கத்து அறையில் மேஜை போட்டு இலை விரித்திருந்தார்கள்.

ஐந்தாம் நம்பரையும் கேட்டு முடித்திருந்ததால் கிரிதர் நல்ல உற்சாகத்தில் இருந்தான். செப்டம்பரில் ஸ்டூடியோ திறக்கிறது. ஏழு பெட்டிக்கும் தனி அறை, ஈரம் புகாமல் ஏசி. கிடார் வாசிக்க சென்னையிலிருந்து ஆட்கள் வருவார்கள்.

"அவங்ககிட்ட நான் ஒண்ணுதான் சொல்லப்போறேன் சார். சதாசிவம் சார் காதுக்கு ஓகேன்னா டேக் ஓகே. அவர் இல்லன்னா இல்ல. கடைசி வார்த்தை உங்களுது."

நிதின் சோற்றைப் பிசைந்துகொண்டே அப்பாவைப் பார்த்துச் சிரித்தான். இந்த ஒரு வாக்கியத்துக்காக அவன் மூன்று மாதம் அலைந்திருக்கிறான்.

சதாசிவம் கையை இலையிலிருந்து எடுத்தார்.

"தம்பி, ஒரு விஷயம் சொல்லிடறேன்."

ஞானம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. "சாப்பிட்டு முடிச்சுட்டு..." என்று ஆரம்பித்தாள். அவர் கேட்காத மாதிரி இருந்தார். இது அவருக்கு உண்மையிலேயே கேட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை.

"எனக்கு மேல் சத்தம் கேக்கறதில்ல. டெஸ்ட் எடுத்தாச்சு. மருந்து கிடையாதுன்னுட்டாங்க. இன்னிக்கு அந்தப் பெட்டி விசில் அடிச்சிருக்கு. எனக்கு இப்பவும் அது என்ன விசில்னு தெரியாது. உங்க மூஞ்சியப் பார்த்துத்தான் ஏதோ நடந்திருக்குன்னு புரிஞ்சுது. என் சம்சாரம் சொன்னது எனக்காகச் சொன்னது. வீட்டுல அப்படி ஒரு பழக்கம் எல்லாம் கிடையாது."

ரசம் ஊற்ற வந்த ஆள் எந்த இலைக்கு ஊற்றுவது என்று தெரியாமல் நின்றான்.

கிரிதர் தண்ணீர் குடித்தான். "சொன்னதுக்கு தேங்க்ஸ் சார்" என்றான். "நான் கொஞ்சம் யோசிக்கிறேன்." குரலில் மரியாதை குறையவில்லை. உற்சாகம் மட்டும் போய்விட்டிருந்தது.

அதற்குப் பிறகு வெயிலைப் பற்றிப் பேசினார்கள். இந்த வருஷம் கிணறெல்லாம் வற்றிப்போனதைப் பற்றிப் பேசினார்கள். பாயசம் வந்தது.

வெளியே சின்னராசு பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது நிதின் சவுக்கு மரத்தடிக்கு அப்பாவை இழுத்துக்கொண்டு போனான்.

"ஏம்ப்பா? இன்னிக்கே சொல்லணுமா? அம்மாதான் அழகா சமாளிச்சுட்டாங்களே. ஒரு மாசம் வேலை பார்த்துட்டு, அவங்களுக்கு உங்களப் பிடிச்சப்புறம் மெதுவா சொல்லியிருக்கலாம்ல?"

"ஒருத்தன் உயிரக் குடுத்து வாசிப்பான். நான் நல்லா இருக்குன்னு சொல்லுவேன். அது நல்லா இல்லன்னா?"

"அதுக்குத்தான் விஷாகா இருக்காங்க. மெஷின் இருக்கு."

"அப்புறம் நான் எதுக்குடா?"

நிதின் பைக் பக்கம் நடந்தான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். பிறகு கழற்றி, அம்மாவிடம் வந்தான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"செவ்வாய்க்கிழமையிலேர்ந்து."

"எனக்குத்தான் யாருமே சொல்லல" என்றான். பைக் மண்ணைக் கிளப்பிக்கொண்டு சென்னைப் பக்கம் போனது.

*

திரும்பும்போது ஞானம்மாள் முன்னால் ஏறவில்லை. பின்னால் ஏறி, ஐந்தாம் நம்பரைப் பிடித்துக்கொண்டு போர்வையில் உட்கார்ந்தாள். எதிரில் மூன்றாம் நம்பரைப் பிடித்துக்கொண்டு சதாசிவம். பின்கதவு திறந்திருந்தது. ரோடு பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

வேன் மாமல்லபுரம் தாண்டியது.

"தாளா?" என்றார் அவர்.

"தாள்தான்."

"ஏன் கேக்கல?"

"நீங்க ஏன் சொல்லல?"

வேன் இரைச்சலில் அவளுடைய உதட்டைப் பார்த்துத்தான் அவர் புரிந்துகொண்டார். இதையும் எட்டு மாதமாகச் செய்திருப்பார். இப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது.

"நான் வாசிச்சா சமையல்கட்டுலேர்ந்து சத்தத்தைக் குறைங்கன்னு கத்துவியே" என்றார். "தெரிஞ்சா கத்த மாட்டியோன்னு இருந்தது. பாவம் வாசிச்சுட்டுப் போகட்டும்னு விட்டுடுவே. அது வேண்டாம்னு தோணிச்சு."

ஞானம்மாள் வெளியே பார்த்தாள். சைக்கிளில் தேங்காய் நார் மூட்டையோடு ஒருவர் போய்க்கொண்டிருந்தார். அவர் சின்னதாகி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்துக்கும் கத்த மாட்டேன்" என்றாள். "நாலாம் நம்பருக்கு மட்டும்தான். அது போட்டா ஷெல்ஃபுல டம்ளர் ஆடும்."

"நாலாம் நம்பருக்கு மட்டுமா?"

"முப்பது வருஷம் ஆச்சு. எது பிடிக்கும், எது பிடிக்காதுன்னு ஒரு நாளாவது என்னைக் கேட்டிருக்கீங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார். கேட்டதில்லை. இவளுக்கு இதெல்லாம் தொந்தரவு என்று முதல் வருஷமே முடிவு செய்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த முடிவை எடுத்துத் திருப்பிப் பார்க்கவில்லை.

"எது பிடிக்கும்?"

"அஞ்சு" என்றாள், கையிலிருந்த பெட்டியை நகர்த்தாமல்.

செங்கல்பட்டு வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்றால் முதலில் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அவர் எழுதிவைத்திருந்தது ஐந்தாம் நம்பரைத்தான். அதை இப்போது சொல்லவில்லை.

"இன்னிக்கு நீங்க சொன்னது சரி" என்றாள் அவள். "நான்தான் பொய் சொன்னேன்."

"எனக்காகத்தானே."

"யாருக்காக இருந்தா என்ன?"

முன்னாலிருந்து சின்னராசு கத்தினான்: "அண்ணாத்த, வேகத்தடை வருது! பொட்டியப் புடிச்சுக்கோ!"

இரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள். இந்த முறை வேன் துள்ளவில்லை.

*

மாலை ஆறு மணிக்கு தொலைபேசி அடித்தது. சதாசிவம் கூடத்தில் தரையில் உட்கார்ந்து மூன்றாம் நம்பரின் பின்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஞானம்மாள் சொன்ன அந்த எண்ணெய்ச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவருக்குப் பார்த்தாகவேண்டும். கேட்க முடியாவிட்டாலும் மீட்டர் வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞானம்மாள் போனை எடுத்தாள்.

"டீச்சர், விஷாகா பேசறேன். சார் பக்கத்துல இருக்காரா?"

"இருக்கார். குடுக்கவா?"

"வேண்டாம் டீச்சர். உங்ககிட்டதான் பேசணும்."

ஞானம்மாள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கிரிதரும் நானும் மத்தியானத்துலேர்ந்து இதைத்தான் பேசிட்டிருக்கோம். சார் மேல அவனுக்கு மரியாதை கூடித்தான் இருக்கு. ஆனா அந்தப் பொறுப்பை அவர்கிட்ட குடுக்க முடியாதுன்னு சொல்றான். எனக்கும் அதான் சரின்னு படுது. பெட்டிங்க ஏழும் வரட்டும். பத்திரமா இருக்கும். கேக்கற வேலைக்கு நீங்க வாங்க டீச்சர். சனி, ஞாயிறு வந்தா போதும்."

"நானா?"

"எனக்கு ஹெட்போன் போட்டாத்தான் கேட்டுது. நீங்க அஞ்சடி தள்ளி நின்னு சொன்னீங்க. பதினஞ்சு வருஷமா சவுண்டுல இருக்கேன், இப்படி ஒரு காது நான் பார்த்ததில்ல. அந்தப் பெட்டிங்க எப்படிப் பேசும்னு உங்களுக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியும்?"

முதலில் வந்தது சந்தோஷம்தான். ஐம்பத்துநாலு வயதில், கணக்கைத் தவிர வேறொன்றுக்காக ஒருவர் அவளைத் தேடிப் பேசுவது இதுதான் முதல் தடவை. அது வந்து, நெஞ்சு நிறைந்து, அதற்கப்புறம்தான் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர் நினைவு வந்தது.

"ரெண்டு பேரும் வர்றோம்" என்றாள் மெதுவாக.

"அவர் இல்லாம டீச்சர். நீங்க மட்டும்."

"ஏன்?"

"ரெண்டு பேரும் வந்தா நீங்க அவரைக் காப்பாத்துவீங்க. இன்னிக்குப் பண்ணீங்களே. ரெகார்டிங்ல அது ஆகாது."

பின்னால் ஸ்க்ரூ ஒன்று தரையில் விழுந்து உருண்டது. அவர் அதைத் தேடிக் கையால் துழாவிக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் உருண்டது என்று அவருக்குக் கேட்டிருக்காது.

"உடனே சொல்ல வேண்டாம்" என்றாள் விஷாகா. "வியாழக்கிழமை நானே கூப்பிடறேன். சார்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. நீங்கதான் சொல்லணும்."

ஞானம்மாள் ரிசீவரை வைத்தாள். உடனே திரும்பவில்லை.

"யாரு?" என்றார் சதாசிவம். ஸ்க்ரூ கிடைத்துவிட்டது. அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாயைத் திறக்கும்போதுகூட அவள் உண்மையைச் சொல்லப்போவதாகத்தான் நினைத்திருந்தாள்.

"ஸ்கூல்லேர்ந்து. நாளைக்கு ஏழு மணிக்கே வரச் சொல்றாங்க."

"ஏழு மணிக்கா? அந்நேரத்துக்கு பஸ் ஏது? நான் ஸ்கூட்டர்ல கொண்டுவந்து விடறேன்."

"சரி" என்றாள்.

அவர் மறுபடி பெட்டிக்குள் குனிந்தார். ஏழு மணிக்குப் பூட்டியே இருக்கும் பள்ளிக்கூட கேட்டுக்கு முன்னால், ஸ்கூட்டர் கண்ணை விட்டு மறைகிற வரைக்கும் நின்று கையாட்டிக்கொண்டிருக்கவேண்டியதை ஞானம்மாள் யோசித்துப் பார்த்தாள். பிறகு காப்பிக்குப் பால் வைக்கப் போனாள்.